காளான் ஜீனோம்களில் கல்சியம் பிடிக்கும் புரதங்கள்: ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

நிலாவெளியில் சித்தி ஒரு சின்னக் கொட்டிலில் சிப்பிக்காளான் போடுகிறார். மரத்தூள், தவிடு, கொஞ்சம் பயற்றம்மா, கொஞ்சம் சுண்ணாம்பு எல்லாவற்றையும் ஈரம் பார்த்துப் பிசைந்து, பையில் அடைத்து, அவித்து, ஆறவிட்டு விதை போடுவார். ஒருநாள் சுண்ணாம்பை அள்ளும்போது கேட்டார்: "இது ஏன் போடுறம் எண்டு தெரியுமோ பிள்ளை? நீ கம்பசில படிச்சனிதானே." கலவையின் புளிப்பை அடக்கத்தான் என்றேன். சரியான பதில்தான். ஆனாலும் உப்புவெளி தாண்டி வீட்டுக்கு வரும் வழி முழுக்க வேறொரு கேள்வி குடைந்துகொண்டே வந்தது. அந்தச் சுண்ணாம்பின் கல்சியத்தில் ஒரு துளி காளானின் கலத்துக்குள் போனால், அதை அங்கே பிடிப்பது யார்? எல்லாக் காளானிலும் அதே ஆட்கள்தானா?

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்ட ஆய்வுகூடம் தேவையில்லை. எட்டு ஜிபி நினைவகம் உள்ள ஒரு லப்டொப், இடைக்கிடை வந்து போகும் இணையம், உயர்தர உயிரியல் அளவுக்கு அடிப்படை, இவை போதும். தரவுகள் இலவசம், மென்பொருள்களும் இலவசம். நான் விழுந்த குழிகளில் நீங்களும் விழாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். குழிகள் பெரும்பாலும் ஒரே வகை. எண்ணிக்கையைப் பார்த்ததும் அதை உயிரியல் என்று நம்பிவிடுவோம். "இந்தக் காளானில் 41, அந்தக் காளானில் 29" என்று ஒரு பட்டியல் வந்தால், அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு காளானுடையதல்ல, கோப்புடையது.

ஒரு சொல் பற்றி: நம் பாடப்புத்தகம் பரம்பரையலகு என்று சொல்வதை இங்கே மரபணு என்றே எழுதுகிறேன். தேடும்போது அதுதான் கிடைக்கிறது. ஓர் உயிரியின் முழு மரபுத் தொகுதிதான் ஜீனோம்.

தேடும் பொருளை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

ஓய்வில் இருக்கும் கலத்தின் குழியவுருவில் சுயாதீனக் கல்சியத்தின் செறிவு ஏறக்குறைய 100 நானோமோலார். வெளியே அது பல்லாயிரம் மடங்கு அதிகமாக இருக்கலாம். அதனால்தான் சின்ன வாயில் ஒன்று திறந்தாலே உள்ளே செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தச் செய்தியை வாசிக்கும் புரதங்களில் மிகப் பெரிய கூட்டம் 'ஈஎஃப்-கை' என்ற அமைப்பை உடையது. கெண்டை மீனின் தசையில் இருக்கும் பார்வல்புமின் என்ற புரதத்தின் வடிவத்தை வைத்து 1973இல் கிரெட்சிங்கரும் நொக்கோல்ட்ஸும் இதை விவரித்தார்கள். அந்தப் புரதத்தின் சுருள்களுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் பெயரிட்டபோது ஐந்தாவதும் ஆறாவதும் ஈ, எஃப் ஆயின. வலது கையின் சுட்டுவிரலை நீட்டி, பெருவிரலை விரித்து, நடுவிரலை மடித்துப் பாருங்கள். சுட்டுவிரல் ஈ சுருள், பெருவிரல் எஃப் சுருள், மடிந்த நடுவிரல் கல்சியத்தைப் பிடிக்கும் கண்ணி.

இங்கேயே ஒரு முடிவு எடுக்க வேண்டும். கல்சியத்தோடு தொடர்புள்ள எல்லாவற்றையும் அள்ளினால் பட்டியல் கடலாகிவிடும். கல்சியத்தைக் கடத்தும் பம்பிகளும் வாயில்களும் வேறு கதை. கல்மொடுலின் என்ற பிரபலமான ஈஎஃப்-கைப் புரதத்தால் தூண்டப்படும் கைனேசு நொதியங்கள் கல்சியத்தைத் தாங்களே பிடிப்பதில்லை. சீ2 களம் (களம் என்றால் புரதத்தில் தனியாக மடியும் ஒரு பகுதி), அனெக்சின், அகக்கலவுருச் சிறுவலையில் இருக்கும் கல்நெக்சின் ஆகியவை தனித்தனிக் குடும்பங்கள். முதல் தடவை செய்பவர் ஈஎஃப்-கையோடு நின்றுகொள்வதே நல்லது. மற்றவற்றை இரண்டாம் சுற்றில் சேர்க்கலாம், ஆனால் ஒரே எண்ணிக்கைக்குள் கலக்கக் கூடாது.

படி 1: காளான்களைத் தெரிவு செய்தல்

ஐந்து தொடக்கம் எட்டு இனங்கள் போதும். கேள்விக்கு உதவும் இனங்களாக இருக்க வேண்டும்.

சிப்பிக்காளான் என்றால் புளூரோட்டஸ் ஒஸ்திரியேற்றஸ். பீசீ15 என்ற விகாரத்தின் (ஓர் இனத்துக்குள் தனியாகப் பேணப்படும் வகையின்) ஜீனோம் 34.3 மெகாபேஸ், அதாவது 34.3 மில்லியன் எழுத்துகள், 12,330 மரபணுக்கள். பொத்தான் காளான் அகாரிகஸ் பைஸ்போரஸின் ஜீனோம் 2012இல் வெளியானது. எச்97 விகாரத்தில் 30.2 மெகாபேஸ், 10,438 மரபணுக்கள். வைக்கோற்காளான் வொல்வாரியெல்லா வொல்வேசியா 2013இல் வந்தது, 35.7 மெகாபேஸ், 11,084 மரபணுக்கள். தம்பலகாமத்து வயல்களில் அறுவடைக்குப் பிறகு குவியும் வைக்கோலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காளான்தான் நினைவுக்கு வரும். இதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு. மற்றக் காளான்களைக் காப்பாற்றும் 4 °செ குளிர் இதைக் கரைத்து நீர்விட வைத்துவிடும். குளிரைக் கலம் உணர்வதில் பல உயிரிகளில் கல்சியத்துக்குப் பங்கு இருப்பதால், ஒப்பீட்டில் இதைச் சேர்க்க நல்ல காரணம் இருக்கிறது. காரணம் இருப்பது வேறு, ஆதாரம் இருப்பது வேறு என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு ஷிட்டாக்கே என்ற லென்டினுலா எடோடெஸ், எனோக்கி எனப்படும் ஃபிளமுலினா ஆகியவற்றைச் சேர்க்கலாம். எனோக்கியின் பெயரில் கவனம். கிழக்காசியாவில் வளர்க்கப்படுவதை இப்போது ஃபிளமுலினா ஃபிலிஃபோர்மிஸ் என்கிறார்கள், பழைய கோப்புகளிலோ வெலுடிபெஸ் என்றிருக்கும். மாரி மழை விட்ட கையோடு கறையான் புற்றருகே முளைக்கும் புற்றுக்காளானின் பேரினமான டெர்மிட்டோமைசெஸுக்கும் ஜீனோம் உண்டு.

சாப்பிடும் காளான்கள் மட்டும் போதாது. ஒப்பிட ஒரு நிலையான அளவுகோல் வேண்டும். கொப்ரினொப்சிஸ் சினேரியா காளான் ஆய்வின் மாதிரி உயிரி. 2010இல் 13 நிறமூர்த்தங்களாக அடுக்கப்பட்டது. அதைக் கட்டாயம் சேருங்கள். இதுவரை சொன்ன காளான்கள் எல்லாம் சேரும் பசிடியோமைக்கோட்டா என்ற பங்கசுப் பெரும்பிரிவுக்குள் தூரத்து உறவாகக் கிரிப்டொகொக்கஸ் என்ற நோய்தரும் மதுவம், வெளியாளாக அப்பமதுவம் சக்கரோமைசெஸ். அப்பமதுவத்தின் ஒவ்வொரு கல்சியப் புரதமும் பல வருடங்களாகக் குடைந்து ஆராயப்பட்டிருப்பதால் பெயரிடும்போது அது கைகொடுக்கும். இன்னொரு வெளியாள் வேண்டுமென்றால் கறுப்பு ட்ரஃபிள் இருக்கிறது. அதுவும் உண்ணக்கூடியது, ஆனால் அப்பமதுவத்தைப் போல அஸ்கோமைக்கோட்டா என்ற வேறு பெரும்பிரிவு. அதன் ஜீனோம் 125 மெகாபேஸ், மரபணுக்களோ 7,500 அளவில்தான். பெரிய ஜீனோமில் அதிகப் புரதம் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

படி 2: தரவிறக்கம்

இரண்டு இடங்கள். ஒன்று அமெரிக்காவின் ஜேஜீஐ என்ற ஜீனோம் நிறுவகம் நடத்தும் மைக்கோகொஸ்ம் என்ற பங்கசு ஜீனோம் தளம், மற்றது அதே நாட்டின் பொதுத் தரவுக் களஞ்சியமான என்சிபிஐ. ஒவ்வோர் இனத்துக்கும் மூன்று கோப்புகளை எடுங்கள்: ஜீனோம் தொடர், புரதத் தொடர்கள், மரபணுக்களின் இடக்குறிப்பு. பலர் புரதக் கோப்பை மட்டும் எடுத்துவிட்டு ஆறாம் படியில் வந்து மாட்டிக்கொள்வார்கள். நானும் மாட்டினேன். ஒரு காளானின் புரதக் கோப்பு ஐந்தாறு மெகாபைட்தான். ஜீனோம் முப்பது நாற்பது. இரவு டேற்றாவில் ஒரே மூச்சில் எல்லாம் இறங்கிவிடும்.

மைக்கோகொஸ்மில் இருக்கும் எல்லா ஜீனோமும் வெளியிடப்பட்டவை அல்ல. வெளியிடப்படாதவற்றை வைத்து நீங்கள் எதையாவது பிரசுரிக்க வேண்டுமென்றால் அதை உருவாக்கியவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கம்பஸ் செயற்றிட்டமானாலும் இந்த மரியாதையைக் கடைப்பிடியுங்கள்.

விகாரத்தின் பெயர், பதிப்பு எண், இறக்கிய திகதி மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கணினியில் எழுதினாலும் சரி. ஆனால் எழுதுங்கள்.

படி 3: கோப்பின் தரத்தைச் சோதித்தல்

என் பெரிய அவமானம் இங்கேதான் நடந்தது. ஒரு காளானில் இரண்டு கல்மொடுலின் மரபணுக்கள் கிடைத்தன. மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுதான். கண்டுபிடித்துவிட்டேன் என்று நண்பர்கள் நாலு பேருக்குப் பிளேன்ரீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து இரண்டு மரபணுக்களின் அக்கம்பக்கத்தையும் பார்த்தேன். இடப்பக்க அயலவர்கள் அதே, வலப்பக்க அயலவர்கள் அதே. கல்மொடுலின் மட்டுமல்ல, அந்தத் துண்டு முழுவதுமே இரட்டை.

காரணம் எளிது. காளான் இழைகளின் ஒரு கலத்தில் வெவ்வேறு பெற்றோரிடமிருந்து வந்த இரண்டு கருக்கள் கலக்காமல் குடியிருக்கும். இரட்டைக்கரு இழையைத் தொடர்வரிசைப்படுத்தினால் ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்களும் தனித்தனியாக ஜீனோமில் ஏறிவிடலாம். அதனால்தான் நல்ல காளான் ஜீனோம்கள் பெரும்பாலும் ஒற்றைக்கரு விகாரங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. சிப்பிக்காளானில் பீசீ9, பீசீ15 என்று இரண்டு ஜீனோம்கள் இருப்பதும் இதனால்தான். என்001 என்ற ஒரே இரட்டைக்கரு விகாரத்தைப் பிரித்தபோது கிடைத்த இரண்டு கருக்கள் அவை. இரண்டையும் இரண்டு 'இனம்' போல ஒப்பிட்டால் வித்தியாசம் எவ்வளவு வர வேண்டும்? கிட்டத்தட்டப் பூச்சியம். ஆகவே இதையே உங்கள் முறைக்கான பரீட்சையாக வையுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு எண்ணிக்கை வந்தால், அந்த அளவு வித்தியாசம் உங்கள் முறையின் பிழை. இனங்களுக்கிடையே அதைவிடச் சின்ன வித்தியாசம் கண்டால் வாயைத் திறக்க வேண்டாம்.

இப்படி இரட்டித்திருப்பதைக் கண்டுபிடிக்கும் கருவி புஸ்கோ. எல்லா உறவினத்திலும் ஒற்றையாக இருக்க வேண்டிய மரபணுக்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை முழுமையாக, எத்தனை இரட்டையாக, எத்தனை துண்டாக, எத்தனை காணாமல் போய் இருக்கின்றன என்று அது சொல்லும். பசிடியோமைக்கோட்டாவுக்கான பத்தாம் பதிப்புப் பட்டியலில் 1,764 மரபணுக்கள். முழுமை 90 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த ஜீனோமை நான் விட்டுவிடுவேன். இரட்டை 5 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகப்படுவேன். இவை என் கைக்கணக்கு, சட்டமல்ல.

என்சிபிஐ கோப்புகளில் ஒரே மரபணுவின் பல புரத வடிவங்கள் இருக்கக்கூடும். மரபணு ஒன்றுக்கு மிக நீளமான ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வலை வீசுதல்

மனிதக் கல்மொடுலினை எடுத்து, ஒத்த தொடர்களைத் தேடும் பிளாஸ்ட் மென்பொருளில் தேடல் செய்வதுதான் எல்லோரும் முதலில் செய்வது. செய்து பாருங்கள், பழக்கத்துக்கு நல்லது. ஆனால் அதோடு நின்றால் கல்மொடுலினைப் போன்றவை மட்டும் மாட்டும், தூரத்து உறவுகள் தப்பிவிடும். இங்கே வேண்டியது ஹம்மர் என்ற மென்பொருள். அது ஒரு தனித் தொடரை வைத்துத் தேடாமல், ஆயிரக்கணக்கான ஈஎஃப்-கைகளின் சராசரி முகத்தை வைத்துத் தேடும். அந்த முகங்கள் பீஃபாம் தரவுத்தளத்தில் இருக்கின்றன. 00036 என்ற எண்ணுடையது பழைய, ஒற்றைக் கை மாதிரி. நீளம் 29 அமினோவமிலம்தான். 13499 என்பது இரண்டு கைகள் சேர்ந்த சோடி மாதிரி. 13202, 13405, 13833 ஆகியவையும் அதே கூட்டம். ஐந்தையும் ஒன்றாக ஓடவிடுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக இழுக்கும். ஒரே கையை மூன்று மாதிரிகள் பிடித்தால் ஒன்று மூன்றாகிவிடும். சோடி மாதிரி பிடித்தால் இரண்டு கைகள் ஒரு 'களம்' என்று எண்ணப்படும். ஆகவே களங்களை எண்ணாதீர்கள். எந்த அமினோவமிலத்திலிருந்து எது வரை என்ற இடங்களைப் பட்டியலிட்டு, ஒன்றன்மேல் ஒன்று விழுபவற்றை ஒன்றாக்கி, ஒவ்வொரு 12 அமினோவமிலக் கண்ணியையும் தனியாக எண்ணுங்கள்.

தேடலை இரண்டு தடவை ஓட்டுவது என் வழக்கம். முதலில் பீஃபாம் தாங்களே நிர்ணயித்த கடுமையான வரம்போடு. அப்புறம் ஈ-மதிப்பு (இவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை வரலாம் என்ற எண்) 1 வரை தளர்த்தி. ஈஎஃப்-கை மிகக் குட்டையானது என்பதால் உருமாறிய கைகளுக்குப் புள்ளி குறைந்து கடுமையான வரம்பில் விழுந்துவிடும். முதல் பட்டியல் நிச்சயமானது. இரண்டாவதில் மட்டும் வருபவற்றைக் கையால் பார்க்க வேண்டும்.

லப்டொப்பில் லினக்ஸ் இல்லையென்றால் பதற வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை நிறுவலாம், பயோகொண்டா வழியாக மென்பொருள்களை எடுக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் கலக்ஸி என்ற இலவச இணையச் சேவையில் கோப்பை ஏற்றி அங்கேயே ஓட்டலாம். இடையில் கரண்ட் போனாலும் வேலை அங்கே நடந்துகொண்டிருக்கும்.

படி 5: கண்ணியை வாசித்தல்

முழு வேலையின் உயிரும் இங்கேதான். இந்தப் படிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

கண்ணியில் 12 அமினோவமிலங்கள். அவற்றில் 1, 3, 5, 7, 9, 12 ஆகிய இடங்கள்தான் கல்சியத்தைப் பிடிக்கும் வேலையில் இருப்பவை. கல்சியத்தைச் சுற்றி ஏழு ஒட்சிசன்கள் நிற்கும். 1, 3, 5ஆம் இடங்களின் பக்கச் சங்கிலிகள் ஆளுக்கு ஒன்று கொடுக்கும். 7ஆம் இடம் தன் முதுகெலும்பிலிருந்து ஒன்று. 9ஆம் இடம் பெரும்பாலும் ஒரு நீர் மூலக்கூறை இடையில் வைத்து ஒன்று. 12ஆம் இடத்துக் குளூட்டமேற்று மட்டும் இரண்டு கொடுக்கும். 6ஆம் இடத்தில் வழக்கமாகக் கிளைசின், ஏனென்றால் கண்ணி அங்கே கூர்மையாக வளைய வேண்டும். 8ஆம் இடத்தில் ஐசோலூசின், லூசின், வலின் போல நீரை வெறுக்கும் ஒன்று. அது சோடிக் கையின் கண்ணியோடு கைகோக்கும்.

மனிதக் கல்மொடுலினின் முதல் கண்ணியை வைத்துப் பழகுங்கள்: அஸ்பார்டேற்று, லைசின், அஸ்பார்டேற்று, கிளைசின், அஸ்பார்டேற்று, கிளைசின், த்ரியோனின், ஐசோலூசின், த்ரியோனின், த்ரியோனின், லைசின், குளூட்டமேற்று. 1, 3, 5இல் அஸ்பார்டேற்று, 6இல் கிளைசின், 8இல் ஐசோலூசின், 12இல் குளூட்டமேற்று. பாடப்புத்தக அழகு.

இனி உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கண்ணியையும் இதன் கீழே எழுதி ஒவ்வோர் இடமாகப் பாருங்கள். 1ஆம் இடத்தில் அஸ்பார்டேற்று இல்லையென்றால் பெரிய சந்தேகம். 12ஆம் இடத்தில் குளூட்டமேற்றுக்குப் பதிலாக அஸ்பார்டேற்று இருந்தால் ஒரு காபன் அளவுக்குக் கை குட்டையாகிறது. கல்சியப் பிடி தளர்ந்து மக்னீசியத்தின் பக்கம் சாயும். 12இல் லைசினோ அலனினோ இருந்தால் அந்தக் கண்ணி ஏறக்குறைய செத்தது. கண்ணிக்குள் ஒன்றிரண்டு அமினோவமிலம் கூடுதலாக நுழைந்திருந்தால் கண்டபடி தள்ளிவிடாதீர்கள். வழக்கத்துக்கு மாறான கண்ணிகளிலும் சில கல்சியத்தைப் பிடிக்கும். அவற்றுக்கு 'தெளிவில்லை' என்று தனி நிரல் வையுங்கள்.

இந்த வாசிப்பு ஏன் முக்கியம் என்பதை அப்பமதுவமே காட்டும். அதன் கல்மொடுலினில் நான்கு கைகள் உண்டு, ஆனால் நான்காவது கல்சியத்தைப் பிடிப்பதில்லை. களங்களை எண்ணும் மென்பொருளுக்கு இது தெரியாது, நான்கு என்றே சொல்லும். அதைவிட வேடிக்கை, 1991இல் வெளியான ஒரு சோதனையில் மற்ற மூன்று கண்ணிகளையும் கல்சியம் பிடிக்காதபடி மாற்றியும் மதுவம் உயிரோடு வளர்ந்தது. மரபணுவை முழுதாக எடுத்துவிட்டாலோ அது செத்துவிடும். புரதம் இருப்பது, கல்சியம் பிடிப்பது, கலத்துக்குத் தேவைப்படுவது மூன்றும் மூன்று கேள்விகள்.

பிடிக்கும் கண்ணிகளும் ஒரே பலத்தில் பிடிப்பதில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருப்பீர்கள். ஏழும் பக்கத்துப் பக்கத்தில்தான், ஆனால் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றும்போது ஒவ்வொன்றின் சூடும் வேறு. கல்மொடுலினும் அப்படித்தான். பின்பாதியின் இரண்டு கண்ணிகள் முன்பாதியை விட இறுக்கமாகப் பிடிக்கும். தொடரைப் பார்த்து இந்தப் பலத்தை எண்ணாகச் சொல்லிவிட முடியாது. முயலவும் வேண்டாம்.

இன்னொன்று, ஈஎஃப்-கைகள் சோடியாக வாழ்பவை. ஒரு புரதத்தில் மூன்று கைகள் மட்டும் கிடைத்தால் நான்காவது எங்கேயோ உருமாறி ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள். ஐந்து கைகள் உள்ள 'பெண்டா' குடும்பமும் இருக்கிறது. அதில் ஐந்தாவது கை இன்னொரு புரத மூலக்கூறின் ஐந்தாவதோடு சோடி சேரும்.

படி 6: உடைந்த மரபணுக்களைச் சரிசெய்தல்

காளான் மரபணுக்களில் இன்ட்ரன்கள், அதாவது புரதம் ஆக்குமுன் வெட்டி எறியப்படும் துண்டுகள், ஏராளம். ஒரு மரபணுவில் ஐந்தாறு இருப்பது சாதாரணம், ஒவ்வொன்றும் பெரும்பாலும் 100 எழுத்துக்கும் குறைவு. அவற்றுக்கிடையே, எஞ்சி நிற்கும் துண்டுகளான எக்சன்கள் சில மிகச் சின்னவை. மரபணுவைக் கணிக்கும் மென்பொருள்கள் இந்த இடத்தில் தடுக்கி விழும். கல்மொடுலின் போன்ற 149 அமினோவமிலப் புரதத்தில் ஒரு குட்டி எக்சன் தவறினால் ஒரு கையே காணாமல் போய்விடும். நீங்களும் "இந்தக் காளானின் கல்மொடுலினில் மூன்று கைகள்தான்" என்று எழுதிவிடுவீர்கள்.

ஆகவே வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக, நீளமாக, அல்லது ஒரு கை குறைவாகத் தெரியும் ஒவ்வொன்றையும் ஜீனோமில் போய்ப் பாருங்கள். நெருங்கிய இனத்தின் முழுப் புரதத்தை எடுத்து மினிபுரொட் என்ற மென்பொருளால் இந்த ஜீனோமின்மேல் பொருத்தினால் தவறிய எக்சன் பெரும்பாலும் வெளியே வரும். மைக்கோகொஸ்மின் உலாவியில் ஆர்என்ஏ தடயம் இருந்தால் இன்னும் நல்லது. இன்ட்ரன் எங்கே வெட்டப்படுகிறது என்று கண்ணாலேயே தெரியும். ஒரு குடும்பம் ஓர் இனத்தில் 'இல்லை' என்று தோன்றினாலும் இதே சோதனை. புரதக் கோப்பில் இல்லாதது ஜீனோமில் இருந்த சந்தர்ப்பங்கள் எனக்குப் பல. திருத்திய தொடர்களைத் தனிக் கோப்பில், திருத்தியது என்ற குறிப்போடு வையுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

படி 7: பெயரிடுதல்

இப்போது உங்களிடம் பெயரில்லாத ஒரு கூட்டம் இருக்கும். பிளாஸ்ட் எல்லாவற்றையும் 'கல்மொடுலின் போன்றது' என்று சொல்லும், அதை நம்பவே வேண்டாம். சென்ட்ரின் கல்மொடுலினோடு பாதிக்கு அருகில் ஒத்திருக்கும், மயோசினின் இலகு சங்கிலியும் அதே குடும்பச் சாயல்.

நான் பார்க்கும் அடையாளங்கள் சில. கல்மொடுலின் ஏறக்குறைய 149 அமினோவமிலம், முன்னால் வால் கிடையாது. சென்ட்ரினுக்கு முன்பக்கம் ஒரு நீட்சி இருக்கும். கல்சிநியூரினின் பி துணையலகும் நரம்புக் கல்சிய உணரி என்று தவறான பெயர் சூட்டப்பட்ட குடும்பமும் (பங்கசுக்கு நரம்பு எங்கே?) தொடக்கத்திலேயே மெதியோனினுக்கு அடுத்துக் கிளைசின் வைத்திருக்கும். அங்கே ஒரு கொழுப்பமிலம் ஒட்டி மென்சவ்வில் ஊன்றிக்கொள்ளும். உணரிக் குடும்பத்தின் முதல் கை எப்போதும் உடைந்தது. அது காளானின் விசேடம் அல்ல, எல்லா உயிரிகளிலும் அப்படித்தான். மயோசின் இலகு சங்கிலிகளிலும் கண்ணிகள் பெரும்பாலும் செத்தவை. 'ஈஎச்' களப் புரதங்களையும் ஹம்மர் அள்ளிக்கொண்டு வரும். அவற்றின் முதன்மை வேலை மற்றப் புரதங்களைப் பிடிப்பது, கல்சியம் இரண்டாம்பட்சம். இவற்றோடு பாஸ்பொலிப்பேசு சீ, ஃபிம்பிரின், இழைமணியின் சில கடத்திகள் போன்ற பெரிய புரதங்களில் ஈஎஃப்-கை ஒரு சின்ன அங்கமாகத் தொற்றிக்கொண்டிருக்கும். அவற்றின் முழு அமைப்பை, புரதத்தின் களங்களைக் காட்டும் இன்டர்ப்ரோ தளத்தில் போட்டுப் பார்த்தால் சட்டென்று பிடிபடும்.

கல்சிநியூரினை, அதாவது கல்மொடுலினால் தூண்டப்பட்டு மற்றப் புரதங்களிலிருந்து பொசுபேற்றைக் கழற்றும் நொதியத்தை, மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். கிரிப்டொகொக்கஸ் 37 °செ-இல் வளர அது கட்டாயம் தேவை. உடலுறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் தடுப்பதும் இதைத்தான். அந்த மருந்தே ஒரு பங்கசிலிருந்து எடுக்கப்பட்டது. பங்கசின் விஷயம் பங்கசுக்கே தெரிந்திருக்கிறது.

ஆர்த்தோஃபைண்டர் என்ற மென்பொருளுக்கு எல்லா இனங்களின் முழுப் புரதக் கோப்புகளையும் கொடுத்தால் அதுவே குடும்பம் குடும்பமாகப் பிரித்துத் தரும். அதன் பிரிப்பையும் உங்கள் கைப்பிரிப்பையும் பக்கத்தில் வைத்து, முரண்படும் இடங்களில் மட்டும் நேரம் செலவழியுங்கள்.

படி 8: மரம் வரைதல்

மாஃப்ட் மென்பொருளின் துல்லியமான முறையில் தொடர்களை அடுக்கி, ஐக்யூ-ட்ரீயில் பரிணாம மாதிரியை அதுவே தெரிவு செய்யவிட்டு, 1,000 தடவை மீள்சோதனையோடு புரதங்களின் உறவு மரம் வரையுங்கள். அதன் வேகமான மீள்சோதனை முறையில் ஆதரவு 95 சதவீதத்துக்குக் குறைந்த கிளையை நம்ப வேண்டாம். 150 அமினோவமிலத்தில் கோடிக்கணக்கான வருட வரலாறு எழுதப்பட்டிருக்காது. ஆகவே மரத்தின் அடிப்பகுதி மங்கலாகத்தான் வரும். எந்தப் புரதம் எந்தக் குடும்பம் என்பதை மரத்திடம் கேளுங்கள். எந்தக் குடும்பம் முதலில் பிரிந்தது என்று கேட்காதீர்கள்.

தொடரிலிருந்து புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் தரும் வடிவங்களைப் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் கண்ணி செத்த கையும் அங்கே அழகான கையாகவே தெரியும். 2024இல் வந்த மூன்றாம் பதிப்பு கல்சிய அயனையும் வைத்துக் கணிக்கும். அது அயனை வைத்தது என்பது பிடிக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

படி 9: அட்டவணையும் வசனமும்

அட்டவணையில் இனங்கள் மேலே, குடும்பங்கள் பக்கத்தில். ஒவ்வொரு கட்டத்திலும் மரபணு எண்ணிக்கையை மட்டும் போடாமல், மொத்தக் கைகளில் எத்தனை கண்ணி முழுமையானது என்பதையும் எழுதுங்கள்: "1 மரபணு, 4இல் 3" என்பது போல. பூச்சியம் போடுமுன் யோசியுங்கள். ஜீனோமிலும் தேடிப் பார்த்தும் கிடைக்காததற்கு 'காணவில்லை', புரதக் கோப்பில் மட்டும் தேடியதற்கு 'தேடவில்லை' என்று நான் எழுதுகிறேன். பீசீ9, பீசீ15 இரண்டையும் பக்கத்துப் பக்கத்து நிரலில் வைத்தால் வாசிப்பவருக்கே உங்கள் முறையின் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதை மறைப்பவர்கள் பலர்.

அடிப்படைக் குடும்பங்களான கல்மொடுலின், கல்சிநியூரின் பி, சென்ட்ரின், உணரி ஆகியவற்றில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். அங்கே ஓர் இனம் மட்டும் தனித்து நின்றால் முதலில் கோப்பைச் சந்தேகியுங்கள். உண்மையான வித்தியாசம் இருந்தால் அது பெயர் தெரியாத ஓரக் குடும்பங்களிலும், உடைந்த கண்ணிகளிலும்தான் ஒளிந்திருக்கும். வைக்கோற்காளானில் ஏதாவது ஒரு கண்ணி மற்றவற்றிலிருந்து மாறியிருப்பதைக் கண்டாலும், "அதனால்தான் குளிரில் கரைகிறது" என்று எழுதிவிடாதீர்கள். "இந்த இடம் மாறியிருக்கிறது, சோதிக்கத் தக்கது" என்பதுவரைதான் உங்கள் தரவு பேசும்.

சோதிப்பதற்கும் மலிவான வழி ஒன்று உண்டு. கல்மொடுலினைக் கல்சியத்தோடு ஒரு தடவையும், கல்சியத்தை உறிஞ்சும் ஈஜீடிஏ-யோடு ஒரு தடவையும் புரத ஜெல்லில் ஓடவிட்டால், கல்சியம் பிடித்தது வேகமாக ஓடும். பட்டை இடம் மாறவில்லை என்றால் கண்ணியைப் பற்றிய உங்கள் வாசிப்பை மறுபடி பாருங்கள்.

அட்டவணை முடிந்ததும் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நிலாவெளிக்குப் போனேன். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிரல் நிரலாகப் பார்த்தார். "அப்ப சுண்ணாம்பைக் கூட்டுறதோ குறைக்கிறதோ?"

"அதை இது சொல்லாது சித்தி. இப்ப போடுற அளவிலயே விடுங்கோ."

"இதுக்கோ இவ்வளவு நாள் இருந்தனி?" என்றவர் ஒரு பை காளானை என் கையில் திணித்துவிட்டு, அடுத்த வரிசைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.